முப்பத்துமூணு மாமா

என் மருமகள் உபந்யாசம் கேட்கிற அழகை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்குவாள். உள்ளே கதை சொல்கிற பெரியவர் மூச்சு விடக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். யானை ‘ஆதிமூலமே’ என்று கூப்பிட்டுத் தும்பிக்கையை இறக்குவதற்குள் பெருமாள் கருடன் மேலேறி வந்து முதலையை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார். "ஏம்மா, அந்த மனுஷரை யார் இப்படித் துரத்தறா?" என்று நேற்றுக் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணரை ஸ்பீடுல வச்சிருக்கேம்மா. அப்பத்தான் தளிகை முடியறதுக்குள்ள கதையும் முடியறது," என்றாள்.

வேகம்கூட எனக்கு ஆச்சரியமாக இல்லை. குரல்தான் ஆச்சரியம். அந்த ஓட்டம் ஓடியும் பெரியவரின் குரல் கனம் குறையாமல் அப்படியே இருந்தது, கீச்சென்று ஆகவில்லை. அதெப்படி என்று கேட்டால், "ஸ்பீடை மாத்தினா குரல் ஏம்மா மாறணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். எங்கள் காலத்தில் வேகம் மாறினால் குரல் மாறும். குரல் மாறினால் ஆளே மாறிப்போவார்கள். ஒரு பெண் ஆணாகிப்போனதை நான் கண்ணால், தப்பு, காதால் கண்டவள்.

இதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் அப்பாவின் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டில் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தால் பழைய மரமும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டால் எனக்கு நாகஸ்வரம் ஞாபகம் வருவது அதனால்தான். இசைத்தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்ற வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ரொம்பப் பழைய தட்டுகள் அதற்கெல்லாம் கட்டுப்படாது. சிலது எண்பது கேட்கும், சிலது அதற்கும் கீழே ஏதோ ஒன்று கேட்கும். எது என்ன கேட்கிறது என்று மேலே அச்சடித்திருக்காது. அதற்காகப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் பாடுகிறவர் சுறுசுறுப்பாவார், மறுபக்கம் தள்ளினால் சோம்பல் முறிப்பார்.

அப்பா தபாலாபீசில் வேலை பார்த்தவர். சங்கீதத்தில் மட்டும் சர்வாதிகாரி. தன் சுருதிப் பெட்டியை முதலில் ஊதவிட்டு, அதோடு சேருகிற வரைக்கும் அந்தத் திருகைத் தள்ளுவார். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சரி, அப்பாவின் கட்டைக்கு இறங்கி வந்தாக வேண்டும். "எங்காத்துக்கு வந்தா எங்காத்து சுருதிலதான் பாடணும்," என்பார். பிறகு கூடவே தானும் பாடுவார். நடுவில் பெட்டிக்குள் இருக்கிற சுருள்வில் தளர்ந்து வாசிப்பு இழுக்க ஆரம்பித்தால், "தவில்காரருக்குக் கண்ணைச் சொக்கறது, சாவி குடு," என்று என்னைப் பார்ப்பார். நான் ஓடிப்போய்ச் சாவி கொடுப்பேன், தவில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். ஆக, வேகமும் குரலும் ஒரே முடிச்சில் கட்டியவை என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கான்வென்ட் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். காலையில் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே ஜன்னல் வழியாக உச்சிப்பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். சேர்ந்த புதிதில் பயம் அதிகம். முக்கியமாகத் தலைமையாசிரியையான மதரிடம். மதர் யாரையும் திட்டியதே இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு "ம்" என்பார். அந்த ‘ம்’முக்கு ஸ்டாஃப் ரூமே நடுங்கும்.

அந்த வருஷம்தான் பெரிய கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தன் பெண் அங்கே படித்த நன்றிக்காக, ஒரு எலெக்ட்ரிக் ரெக்கார்ட் பிளேயர் வாங்கிக் கொடுத்தார். சந்தன நிறப் பெட்டி, வலது ஓரத்தில் ஒரு குமிழ். குமிழைச் சுற்றி பதினாறு, முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று நான்கு எண்கள். நான்கு வேகம்! அப்பா வெறும் திருகை வைத்துக்கொண்டு பட்ட பாடெல்லாம் இந்த ஒரு குமிழில் அடங்கிவிட்டதே என்று எனக்கு ஒரே பிரமிப்பு.

மற்ற மூன்றுக்கும் தட்டு உண்டு. பதினாறு எதற்கு என்றுதான் யாருக்கும் புரியவில்லை. ஜவுளிக்கடைக்காரர், "அது பேச்சுக்குங்க மதர். சீமையில வெறும் பேச்சை மட்டும் தட்டுல போட்டு விக்கிறானாம். ஒரு பக்கம் வச்சா அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்குமாம்," என்றார். மதர் அதை நம்பி, மெட்ராஸ் போகிறவர்களிடமெல்லாம் பதினாறு வேகத்தில் நல்ல பிரசங்கம் ஏதாவது கிடைத்தால் வாங்கி வரச் சொல்லி வைத்தார். ஒருவரும் கொண்டு வரவில்லை. திருச்சியில் அப்படி ஒரு தட்டைக் கண்டவர் யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெட்டி வந்த கையோடு ஆண்டு விழாவும் வந்தது. கோலாட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தபோது மதர் என்னைப் பார்த்தார். "டீச்சர் ஸ்ரீரங்கம்தானே? கோலாட்டம் தெரியாமயா இருக்கும்?" என்றார். எனக்குத் தெரியாது. சின்ன வயதில் தெருவில் பெண்கள் ஆடும்போது என் கோல் பக்கத்துப் பெண்ணின் விரலிலேயே விழுந்ததால் என்னை வட்டத்தைவிட்டு விலக்கி வைத்திருந்தார்கள். ஆனால் மதரிடம் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் அப்பா, "நீயா? குழந்தேளோட விரலெல்லாம் பத்திரம்டீ," என்றார். கடைசியில் என் வகுப்புப் பெண்கள்தான் எனக்குக் கோலாட்டம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதுவும் பின்னல் கோலாட்டம். மேலே ஒரு வளையத்திலிருந்து கலர் கலராகக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் ஒருவருக்கொருவர் உள்ளும் வெளியுமாகப் புகுந்து ஆட, மேலே கயிறுகள் ஜடை மாதிரி பின்னிக்கொண்டு வரும். பிறகு அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் பின்னல் பிரிந்துவிடும். ஒருத்தி ஒரு அடி பிந்தினாலும் போச்சு, சிக்கலை எடுக்கக் கத்தரிக்கோல்தான் வர வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஃபிலோமினா வந்து நின்றாள்.

ஃபிலோமினா பாலக்கரைப் பக்கம், மாதா கோயிலுக்கு அருகில் இருந்து வருகிறவள். அப்பா ரயில்வேயில் வேலை. சின்னதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போய், தாங்கித் தாங்கி நடப்பாள். ஆனால் அவள் டெஸ்க்கில் விரலால் தாளம் போட்டால் நான் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன், அவ்வளவு சுத்தம். வாய் மட்டும் காது வரை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அது கடைசி வருஷம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவளுக்கென்று மதர் ஒரு வேலை கொடுப்பார், மேடைத் திரையை இழுக்கிற வேலை.

"எல்லா வருஷமும் கயிறு இழுத்தாச்சு டீச்சர். இந்த வருஷமும் கயிறுதான் கேக்குறேன். ஆனா மேடைக்கு நடுவுல நின்னு," என்றாள்.

அவளை மதரிடம் அழைத்துப் போனேன். மதர் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம், "சிக்கல் விழுந்தா கயித்தை யாரும் பாக்க மாட்டாங்க டீச்சர். எல்லாரும் அவ காலைத்தான் பாப்பாங்க. அதைத்தான் யோசிக்கிறேன்," என்றார். கல் நெஞ்சு என்று நான் நினைத்திருந்தவருக்குள் அப்படி ஒரு கவலை இருந்தது அன்றுதான் தெரிந்தது. சனிக்கிழமை வந்து ஒத்திகையைப் பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்குப் பின்னல் சரியாக வந்தால் ஃபிலோமினா ஆடலாம். வராவிட்டால் பழையபடி திரை.

எங்களிடம் இருந்த கோலாட்டப் பாட்டு ஒரு சின்னத் தட்டு, நாற்பத்தைந்து வேகம். பாடிய அம்மாளுக்குத் தேன் குரல். ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போல அப்படி ஒரு அவசரம். முதல் நாள் ஒத்திகையில் ஃபிலோமினா இரண்டு சுற்று சமாளித்தாள், மூன்றாவதில் பிந்தினாள். கயிறு சிக்கி, இரண்டு பெண்கள் மோதிக்கொண்டார்கள். மறுநாளும் அதே கதை. ஒரு பெண், "ஃபிலோ, நீ பேசாம திரைக்கே போயிடேன்டி," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முழங்கையில் அடிபட்ட கோபம். ஃபிலோமினா சிக்கலைப் பிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள். "நாலு வேகம் இருக்குன்னு சொன்னீங்களே டீச்சர். நம்ம பாட்டை மெதுவா வைக்க முடியாதா?"

விகிதமும் பின்னமும் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். எடுத்த எடுப்பில் குமிழைப் பதினாறுக்குத் திருப்பினேன். அறையே அதிர்ந்தது. தேன்குரல் அம்மாள் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பூதம் கொட்டாவி விட்டுக்கொண்டே பாடியது. ஃபிலோமினா ஒரு காலைத் தூக்கி அடுத்த தாளம் வருவதற்காகக் காத்திருந்து, காத்திருந்து, பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பதினாறு ஒரு மனுஷருக்குப் பிரயோஜனப்பட்டது அன்று ஒருநாள்தான்.

பிறகு முப்பத்துமூன்றில் வைத்தேன்.

ஒரு ஆண் பாடினார். நிஜமான ஆண். நடுவயது, கொஞ்சம் மூக்கடைப்பு, நல்ல கனம். அவசரமே இல்லாத மனுஷர். முக்கால் பங்கு வேகம்தான், ஆனால் தாளம் தளரவில்லை, நின்று நிதானமாக விழுந்தது. ஃபிலோமினா எழுந்து தனியாக ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள். பிந்தவில்லை.

"இவரு யாரு டீச்சர்?"

"அதே அம்மாதான்டி."

"இல்ல டீச்சர், இவரு வேற ஆளு," என்று அடித்துச் சொன்னாள்.

மறுநாள் மற்றப் பெண்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், முப்பத்துமூணு மாமா. "டீச்சர், மாமாவை வைங்க," என்பார்கள். மாமாவுக்கு மீசை உண்டா இல்லையா என்று சண்டைகூட நடந்தது. பெட்டி சூடேறினால் உள்ளே தூசி கருகுகிற ஒரு வாசனை வரும். அது மாமா பிடிக்கிற சுருட்டு என்றாள் ஃபிலோமினா.

சனிக்கிழமை மதர் வந்தார். ஊசியை வைத்தேன். கான்வென்ட் ஹாலில் ஆண் குரல் எழுந்ததும் மதரின் முகம் போன போக்கு இருக்கிறதே! "யாரு இந்த ஆம்பளை?" என்றார். "ஆம்பளை இல்லை மதர், லேடிதான்," என்று தட்டின் உறையில் இருந்த பெயரைக் காட்டினேன். மதர் பெயரைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேலை போச்சென்றே நினைத்தேன். பிறகு அவர் மேலே பார்த்தார். பின்னல் ஒரு பிசகில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. "ம்," என்றார். அதுவரை கேட்ட ‘ம்’களில் அது வேறு ரகம். ஃபிலோமினா ஆடலாம் என்று அர்த்தம்.

விழா அன்று சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. ஃபிலோமினாவின் அப்பா ஷிஃப்டிலிருந்து நேரே வந்து பின்சுவர் ஓரமாக நின்றிருந்தார். மைக் செட் ஜமால் பாயுடையது. ஊர் விழாக்களுக்கெல்லாம் அவர்தான் செட் கொண்டு வருவார், வேலையில் கறார். பெட்டியை அவருடைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, குமிழை முப்பத்துமூன்றில் வைத்து, "திரை தூக்கினதும் ஊசியை வச்சாப் போதும் பாய்," என்று சொல்லிவிட்டு, பெண்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுக்க மேடையின் மறுபக்கம் போனேன். அந்த வருஷம் திரையை இழுத்தது ஒரு ஆறாம் வகுப்புப் பெண்.

திரை எழுந்தது. தேன்குரல் அம்மாள் பாட ஆரம்பித்தார், கடைசி பஸ் வேகத்தில்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தட்டில் நாற்பத்தைந்து என்று போட்டிருக்கிறது, குமிழ் முப்பத்துமூன்றில் நிற்கிறது. பாவம் டீச்சர், தெரியாமல் வைத்துவிட்டாள் என்று பாய் திருத்தியிருக்கிறார். நான் மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். பெஞ்சும் பூந்தொட்டியும் அடுக்கிக் கிடந்த அந்த இருட்டுச் சந்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒரு தொட்டி உருண்டது. பாட்டின் முதல் வரி முடிந்ததும் பின்னல் தொடங்கிவிடும், தொடங்கினால் மூன்றாவது சுற்றில் சிக்கல். அவ்வளவு பேர் முன்னால் அந்தப் பெண்ணின் காலை எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். ஓடுகிற எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்போது மேடையிலிருந்து ஃபிலோமினாவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு. "நில்லுங்கடி! நின்ன எடத்துலயே அடிங்க!"

அத்தனை பெண்களும் நின்றார்கள். கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே கோலைத் தட்டினார்கள். அம்மாளின் வேகத்துக்கு ஒரு அடிகூடத் தவறாமல் தட்டினார்கள். ஃபிலோமினாவின் கை அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போனது. சபைக்கு அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றுதான் தோன்றியிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தேன். ஊசியை எடுக்க நேரமில்லை. பாடிக்கொண்டிருந்த தட்டிலேயே குமிழைத் திருப்பினேன். அந்த அம்மாள் ஒரு நீண்ட ‘ஆ’வில் இருந்தார். அந்த ‘ஆ’ ஹாலில் இருந்த அத்தனை பேரின் காதுக்கு முன்னாலும் வழுக்கி இறங்கி, இறங்கி, மாமாவாகப் போய் நின்றது. ஃபிலோமினா கயிற்றை ஒருமுறை சுண்டினாள். வட்டம் நகர்ந்தது. பின்னல் இறங்கியது, பிறகு சிக்கலில்லாமல் பிரிந்தது. கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"லேபிள்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சேம்மா," என்று ஜமால் பாய் தலையைச் சொறிந்தார். அவர்மேல் என்ன தப்பு? கற்றுத் தேர்ந்தவர் செய்கிற காரியத்தைத்தான் அவர் செய்தார்.

தலைமை தாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஜட்ஜ், சங்கீதப் பிரியர். பேசும்போது, அந்தக் கோலாட்டப் பாட்டு தன் வீட்டிலும் உண்டென்றும், ஆனால் அதில் பெண் குரலுக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு ஆண் குரல் சேர்ந்து புதிதாக வந்திருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றென்றும், என்ன கம்பீரமான சாரீரம் என்றும் புகழ்ந்து தள்ளினார். உட்கார்ந்ததும் மதர் பக்கம் சாய்ந்து, "யாருங்க அந்தப் பாடகர்?" என்று கேட்டார். பொய்யே சொல்லாத மதர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எங்களுக்கும் புதுசுதாங்க ஐயா," என்றார்.

மறுநாள் ஃபிலோமினாவிடம், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "பயந்துகிட்டே நின்னாராம் டீச்சர். ஆனா என் காலை ஒருத்தரும் பாக்கலையாம். எல்லாரும் மைக்கையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம்," என்றாள். அவள் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்டைத் துடைத்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவோ. ஃபிலோமினா படித்து, கைலாசபுரத்துத் தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இப்போது அந்த நல்ல காலிலும் மூட்டுவலி. மதர் இல்லை. ஜமால் பாய் இல்லை. ஹாலை இடித்து மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். பெட்டி பழைய சாமான்காரரிடம் போயிற்று, பதினாறுக்கு ஒரு தட்டுகூட வராமலே. அந்தப் பாட்டு எப்போதாவது ரேடியோவில் வரும். அந்த அம்மாள் தன் சொந்த வேகத்தில் சரியாகத்தான் பாடுவார். எனக்கு மட்டும் யாரோ மாமாவைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும்.

நேற்று மருமகளிடம் அந்தப் பாட்டைப் போனில் தேடச் சொன்னேன். கிடைத்தது. "முக்கால்ல வை," என்றேன். வைத்தாள். பாட்டு மெதுவாகியது, அந்த அம்மாளும் மெதுவானார், ஆனால் அம்மாளாகவேதான் இருந்தார். பாதியில் வைத்துப் பார்த்தோம், பூதம்கூட வரவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. இல்லாத ஒருவருக்காக இந்த வயதில் துக்கமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஃபிலோமினாவுக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "மாமா வந்தாரா டீச்சர்?" என்றாள்.

"வரலைடி. எவ்வளவு மெதுவா வச்சாலும் பொம்மனாட்டியேதான் பாடறா."

"போகட்டும் டீச்சர்," என்றாள். "அந்தம்மாவை எனக்காக எவ்வளவு நாள்தான் இழுத்துப் புடிக்கிறது? அவங்க வேகத்துலயே பாடட்டும், விடுங்க."

விட்டேன். மருமகள் பழைய வேகத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் என்ன சந்தோஷமாகப் பாடியிருக்கிறார் என்று இத்தனை வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த நீண்ட ‘ஆ’ வந்தது. என் கை தானாகப் போனின் வலது ஓரத்துக்குப் போய்க் குமிழைத் தேடியது. அங்கே வழுவழுவென்று கண்ணாடிதான் இருந்தது.